‘நானா?’: ஒரு மறுப்பு வாசகத்தின் வரலாறு

இந்தியப் படைகளிலிருந்து உடல்நலக் குறைவு காரணமாக விடுவிக்கப்படும் வீரர்களின் கோப்புகளில் ஒரு வாசகம் மீண்டும் மீண்டும் வருகிறது. “படைப்பணியால் விளைந்ததும் அன்று, அதனால் மிகுந்ததும் அன்று” என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதன் நான்கு முதன்மைச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘நானா’ என்று வரும். கோப்புகளிலும் வழக்காவணங்களிலும் அச்சுருக்கம் பரவலாகப் பயின்று வருகிறது. தமிழ்க் காதுக்கு அது ஒரு வினாவாக ஒலிப்பது தற்செயலே. ஆயினும் இயலாமை ஓய்வூதிய மேல்முறையீடுகளின் வரலாற்றில் மையமாக நிற்பதும் அத்தகைய ஒரு வினாதான். நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? நோயுற்ற வீரரா, அவரைப் பணியில் அமர்த்திய அரசா?

இவ்வினாவின் எடையை உணர ஓய்வூதியத்தின் அமைப்பைச் சற்று அறிதல் வேண்டும். இயலாமை ஓய்வூதியம் இரு கூறுகளைக் கொண்டது: பணிக்காலத்திற்கு உரியது ஒன்று, இயலாமையின் விழுக்காட்டிற்கு உரியது மற்றொன்று. அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட வீரர் ஒருவர் வழக்கமான பணி ஓய்வூதியம் பெறப் பொதுவாக 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். பணியோடு தொடர்பில்லாத நோயால் விடுவிக்கப்படுவோர்க்கான ஓய்வூதியத்திற்கும் நெடுங்காலம் 10 ஆண்டுத் தகுதி விதிக்கப்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டு ஆணையில்தான் அது தளர்த்தப்பட்டது. ஆனால் நோய் பணியோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டுவிட்டால், பணிக்காலம் எவ்வளவு குறைவாயினும் இரு கூறுகளும் கிடைக்கும். ஆகவே, ஒன்பதாம் ஆண்டில் வலிப்பு கண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரைப் பொறுத்தவரை, மேற்சொன்ன வாசகம் ஓய்வூதியத்தைச் சிறிது குறைப்பதோடு நின்றதில்லை. ஒரு முறை வழங்கப்படும் பணிக்கொடையோடு அவர் கணக்கை முடித்துவிடும் ஆற்றல் அதற்கு இருந்தது.

படையில் ஊனமுற்றோருக்கு ஆதரவளிக்கும் வழக்கம் இந்தியாவில் பழமையானது. ஆனால் அவ்வாதரவை மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம் என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது அன்று. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் படைவீரர்களுக்கும் உதவ 1770இல் கிளைவ் பெயரிலான நிதியைத் தொடங்கியது. இந்தியச் சிப்பாய்களுக்கோ, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பாகல்பூர்ப் பகுதியில் நிலம் வழங்கிக் குடியமர்த்தும் ‘இன்வாலிட் தானா’ முறை உருவாயிற்று. மூப்பாலும் நோயாலும் படைக்கு உதவாமற்போன சிப்பாய்களுக்குக் காட்டோரத் தரிசு நிலங்கள் தரப்பட்டன. அவர்கள் அவற்றைத் திருத்திப் பயிரிட்டனர். கம்பெனி ஆட்சியின் விசுவாசிகளாக அப்பகுதியில் நிலைகொண்டனர். அந்நிலம் கம்பெனியின் தயவால் கிடைத்த கொடை. தயவு காட்டாதவன்மீது முறையீடு செய்ய இயலாது, மன்றாடலாம், அவ்வளவே.

போரில் பட்ட காயத்திற்கு ஈடு தருவதில் ஆட்சிகளுக்குப் பெரிய குழப்பம் இருந்ததில்லை. வெட்டுப்பட்ட கையும் இழந்த கண்ணும் தாமே சாட்சியாக நின்றன. இடர் தந்தது நோய்தான். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் குண்டுகளுக்கு நிகராகப் படைகளை அரித்தன. வெளிக்காயம் ஏதுமின்றி மனம் நொறுங்கித் திரும்பியவர்களும் இருந்தனர். இந்நோய் போரால் வந்ததா, போருக்கு முன்பே உடலில் உறங்கிக் கிடந்ததா என்ற கேள்வி அரசுகளின் மேசைகளில் குவிந்தது.

பிரிட்டன் 1919இல் ஒரு சட்டத்தின் வழியே ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்களை நிறுவியது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், அதைவிட ஆழமான மாற்றமொன்று நிகழ்ந்தது. போரின் முதல் ஆண்டுகளில் மறுக்கப்பட்டோரின் மனக்குறை நாடாளுமன்றத்தில் எதிரொலித்ததைத் தொடர்ந்து, மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமை கோருவோரின் தோளிலிருந்து இறக்கப்பட்டது. நியாயமான ஐயம் எழுமானால் அதன் பலன் வீரருக்கே உரியது என்று விதி எழுதப்பட்டது. 1945 முதல் 1948 வரை இவ்வகை மேல்முறையீடுகளைக் கேட்ட நீதிபதி டென்னிங், இவ்விதியின் பொருளை வரையறுக்கும்போதுதான், குற்றவியல் வழக்கில் வேண்டப்படும் ‘நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட’ உறுதியும் உரிமையியல் வழக்கின் ‘எது கூடுதலாக ஏற்கத்தக்கது’ என்ற அளவும் எங்கே வேறுபடுகின்றன என்பதை 1947ஆம் ஆண்டின் மில்லர் வழக்கில் விளக்கினார். காமன்வெல்த் நாடுகளின் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அவ்விளக்கம் ஓய்வூதியக் கோரிக்கை ஒன்றிலிருந்து பிறந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி.

அந்த 1943ஆம் ஆண்டு வாசகத்தின் சாயலை விடுதலைபெற்ற இந்தியாவின் விதிகளில் தெளிவாகக் காணலாம். தரைப்படைக்கான 1961ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173ஆம் விதி இரு நிபந்தனைகளை வைத்தது: இயலாமை படைப்பணியால் விளைந்ததாகவோ மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும், அதன் அளவு 20 விழுக்காடோ அதற்கு மேலோ மதிப்பிடப்படுதல் வேண்டும். முதல் நிபந்தனையை எவ்வாறு தீர்மானிப்பது என்பதை 1982ஆம் ஆண்டுத் தகுதி விதிகள் விரித்துரைத்தன. படையில் சேரும்போது ஆவணத்தில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லையெனில், அவர் உடல்நலத்தோடும் மனநலத்தோடும் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றது ஐந்தாம் விதி. பின்னர் அவர் மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டால், அந்நலக்கேடு பணியால் நேர்ந்தது என்று அனுமானிக்க வேண்டும் என்றும் அது சேர்த்துச் சொன்னது. தகுதியை மெய்ப்பிக்குமாறு வீரரைக் கேட்கலாகாது, ஐயத்தின் பலன் அவருக்கே என்றது ஒன்பதாம் விதி. களப்பணியிலும் கடற்பணியிலும் இருந்தோர்க்கு அப்பலனை இன்னும் தாராளமாக அளிக்குமாறும் கூறியது.

அதே 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17இல்தான் உச்ச நீதிமன்றத்தின் நகாரா தீர்ப்பும் வந்தது. ஓய்வூதியம் அரசின் விருப்பப்படி வழங்கப்படும் கொடை அன்று, உழைத்துப் பெற்ற உரிமை என்ற கருத்தை அது உறுதிப்படுத்தியது. அவ்வழக்கைத் தொடுத்த நகாரா பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். பாகல்பூரின் தயவு நிலத்திலிருந்து தொடங்கிய பயணம், எழுத்தளவில், அவ்வாண்டில் உரிமை என்ற கரையை அடைந்துவிட்டது எனலாம்.

கோப்புகள் வேறு கதையைச் சொல்கின்றன. விதி வீரரை மெய்ப்பிக்கச் சொல்லவில்லை; நடைமுறையோ மருத்துவ வாரியத்தின் ஒற்றைவரிக் கருத்தை மறுக்க முடியாத சான்றாக ஆக்கிவிட்டது. வாரியப் படிவத்தில், நோய் பணியால் விளைந்ததா, மிகுந்ததா என்ற வினாக்களுக்கு எதிரே ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதப்படும். காரணம் கேட்கும் இடத்தில், நோய் இயல்பிலேயே உடலமைப்பைச் சார்ந்தது என்றோ, அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது தோன்றியது என்றோ சிறு தொடர் ஒன்று இருக்கும். அதுவும் இல்லாத கோப்புகளும் உண்டு. உடலமைப்பைச் சார்ந்த நோய் என்பதற்கு மருத்துவர்கள் எழுதும் ‘கான்ஸ்டிடியூஷனல்’ என்ற ஆங்கிலச் சொல்லே நீதிமன்றத்தில் அரசமைப்பைச் சார்ந்த உரிமையைக் குறிக்கவும் பயன்படுகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் கோரிக்கையை மூடுகிறது. மற்றோரிடத்தில் அதைத் திறக்கிறது.

வாரியத்தின் கருத்துக்கு மேலே இன்னொரு மேசையும் இருந்தது. அலகாபாத்தில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் கோரிக்கைகளைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்து வந்தது. அங்கே இருந்த மருத்துவ ஆலோசகர், வீரரை நேரில் காணாமலேயே, வாரியம் அளித்த இயலாமை விழுக்காட்டைக் கோப்பின்மேல் திருத்திவிடுவது வழக்கமாயிருந்தது. மொகிந்தர் சிங் வழக்கில் 1993 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. உடலைச் சோதித்த வாரியத்தின் மதிப்பீட்டை, உடலைச் சோதிக்காத அலுவலகம் மாற்றியமைக்க இயலாது என்பது அவ்வாணையின் சாரம்.

மறுக்கப்பட்ட வீரர் ஏற வேண்டிய படிகள் நீண்டவை. மறுப்பாணை கிடைத்த ஆறு மாதத்திற்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவிடம் முறையிட வேண்டும். அதுவும் மறுத்தால் ஆறு மாதத்திற்குள் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்ல வேண்டும். இரண்டும் துறைக்குள்ளேயே இயங்குபவை. அதன்பின் நீதிமன்றம். பல ஆண்டுகள் உயர் நீதிமன்றங்களே அவ்வாயிலாக இருந்தன. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உருவாகி 2009 ஆகஸ்டில் செயற்படத் தொடங்கியது. புதுதில்லியில் முதன்மை அமர்வும், சண்டிகர், லக்னோ, கொல்கத்தா, குவாஹாத்தி, சென்னை, கொச்சி, மும்பை, ஜெய்ப்பூர் முதலிய நகரங்களில் வட்டார அமர்வுகளும் அமைந்தன. உயர் நீதிமன்றங்களில் நிலுவையிலிருந்த வழக்குகள் அங்கே மாற்றப்பட்டன.

படியேறுவதில் காலம் கழிந்துபோனவர்களின் நிலை என்ன? 1983இல் விடுவிக்கப்பட்டு 1999இல் நீதிமன்றம் வந்த ஒரு வீரரின் வழக்கில், 2008ஆம் ஆண்டு தர்செம் சிங் தீர்ப்பு இதற்கு விடை கண்டது. ஓய்வூதியம் மாதந்தோறும் கொடுபட வேண்டியது. ஆகவே அதை மறுப்பது மாதந்தோறும் புதிதாக நிகழும் தவறாகும். காலதாமதம் கோரிக்கையைக் கொன்றுவிடாது. ஆனால் நிலுவைத் தொகையோ வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கு மட்டுமே. உரிமை உயிர்பிழைத்தது, அறியாமையால் கழிந்த ஆண்டுகளின் பணம் திரும்பவில்லை.

மைய வினாவுக்கு நீதிமன்றங்கள் ஒரே விடையைத் தந்து வரவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். மனச்சிதைவு நோய் தொடர்பான கேசர் சிங் வழக்கில் 2007இலும், தாமோதரன் வழக்கில் 2009இலும், உச்ச நீதிமன்றம் மருத்துவ வாரியத்தின் கருத்துக்கே முதன்மை தந்தது. வல்லுநர் சொல்லிவிட்டபின் நீதிபதி அதில் தலையிடத் தயங்க வேண்டும் என்ற நிலைப்பாடு அது. மேலோட்டமாக நோக்கினால் நியாயமாகவே தோன்றும். ஆனால் வல்லுநர் ஏன் அவ்வாறு சொன்னார் என்று ஆவணத்தில் ஒரு சொல்லும் இல்லாதபோது, நீதிமன்றம் மதிப்பது வல்லமையையா, கையொப்பத்தையா என்ற ஐயம் எஞ்சி நின்றது.

இந்த ஐயத்தை நேர்கொண்டது 2013ஆம் ஆண்டின் தரம்வீர் சிங் வழக்கு. 1985 ஜூனில் தரைப்படையின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர், 1994 ஏப்ரலில் வலிப்பு நோயால் 20 விழுக்காடு நிரந்தர இயலாமையோடு விடுவிக்கப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று வாரியம் எழுதியது, ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2004இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2009இல் அதைப் புரட்டியது. 2013 ஜூலை 2இல் உச்ச நீதிமன்றம் தனி நீதிபதியின் முடிவை மீட்டது. பணி செய்த காலம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். அப்பணிக்குரிய ஓய்வூதியத்திற்காகக் காத்திருந்த காலம் பத்தொன்பது ஆண்டுகள்.

அத்தீர்ப்பு புதிய கோட்பாடு எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1982ஆம் ஆண்டு விதிகளை எடுத்து, அவற்றில் எழுதியிருப்பதை எழுதியவாறே படித்தது. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையெனில் நலமாகச் சேர்ந்தார் என்றே பொருள். விடுவிப்புக்குக் காரணமான நோய் பணிக்காலத்தில் தோன்றியதாகவே கருதப்படும். சேர்க்கையின்போது கண்டறிந்திருக்க முடியாத நோய் என்று வாரியம் கருதினால், அதற்கான காரணத்தை வாரியம் எழுத்தில் தர வேண்டும். மருத்துவ அதிகாரிகளுக்கான 2002ஆம் ஆண்டு வழிகாட்டி நூலைப் பின்பற்றுதல் கட்டாயம். மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரருடையது அன்று. இவ்வளவே. வாரியத்தின் கருத்தை நீதிமன்றம் தன் மருத்துவக் கருத்தால் மாற்றவில்லை. காரணம் எங்கே என்று மட்டும் கேட்டது. முப்பதாண்டுகளாக அச்சில் இருந்த விதியைப் படித்துக் காட்ட நாட்டின் மிக உயர்ந்த மன்றம் தேவைப்பட்டது என்பதில்தான் இவ்வரலாற்றின் பாடம் அடங்கியிருக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த சுக்விந்தர் சிங் தீர்ப்பு இரண்டாம் நிபந்தனையான 20 விழுக்காட்டைத் தொட்டது. படைக்கு உதவாத அளவுக்கு நோயாளி என்று ஒருவரை வெளியே அனுப்புகிறது ஒரு வாரியம். ஓய்வூதியம் பெறும் அளவுக்கு அவர் நோயாளி அல்லர் என்று அதே வாரியமே 15 விழுக்காடு, 19 விழுக்காடு என்று எழுதுகிறது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியுமா? முடியாது என்றது நீதிமன்றம். இயலாமையின் காரணமாகவே ஒருவர் விடுவிக்கப்பட்டார் எனில், அவ்வியலாமை 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டது என்றே கொள்ள வேண்டும். அவ்வாண்டு டிசம்பரின் ராம் அவதார் தீர்ப்பு மற்றொரு வேறுபாட்டைக் களைந்தது. 50க்குக் குறைவான விழுக்காட்டை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் கொள்ளும் முறை, நோயால் இடையில் விடுவிக்கப்பட்டோருக்கு மட்டும் இருந்தது. பணிக்காலம் முடித்து இயலாமையோடு ஓய்வு பெற்றோருக்கும் அது பொருந்தும் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

நீதிமன்றம் ஒரு திசையில் நடந்த அதே காலத்தில் விதிநூல் எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. தரம்வீர் சிங் தீர்ப்பு விளக்கியது 1982ஆம் ஆண்டு விதிகளை. ஆனால் 2008ஆம் ஆண்டுக்கான புதிய விதிகள் ஏற்கெனவே நடப்புக்கு வந்துவிட்டிருந்தன. அவற்றின் ஐந்தாம் விதியில் பழைய அனுமானம் இல்லை. சேர்க்கையின்போது நடக்கும் சோதனை முழுமையானது அன்று, உறங்கிக் கிடக்கும் நோய்கள் அதில் தப்பிவிடலாம், பணிக்காலத்தில் நோய் வெளிப்பட்டது என்பதாலேயே பணியால் வந்ததாக ஆகிவிடாது என்று அது கூறுகிறது. ஏழாம் விதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பொதுவாக வீரரை மெய்ப்பிக்கக் கேட்பதில்லை என்று தொடங்கி, ஒரு விலக்கை வைக்கிறது. விடுவிக்கப்பட்டு 15 ஆண்டுகளுக்குப் பின் கோரிக்கை எழுப்பப்பட்டு, அதற்குள் பணி ஆவணங்கள் உரிய கால எல்லை கடந்து அழிக்கப்பட்டிருந்தால், மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரருடையதாகிவிடும்.

வரலாறு பயில்வோர் இங்கே சற்று நின்று சிந்திக்கலாம். ஆவணத்தை உருவாக்குவது அரசு, காப்பது அரசு, குறித்த காலத்தில் அழிப்பதும் அரசு. அழிந்தபின் அவ்வெறுமையின் சுமை மட்டும், அந்த ஆவணத்தைத் தன் கையில் ஒருநாளும் வைத்திருந்திராத மனிதரைச் சேர்கிறது. இன்மை எப்போதும் நடுநிலையானதாக இருப்பதில்லை. அது யாருக்கு எதிரான சான்றாகப் படிக்கப்படுகிறது என்பதை விதி முடிவு செய்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்குப் பின் வாரிய நடவடிக்கைகளின் படிகளைக் கேட்டுப் பெறுவது எளிதாயிற்று. மேல்முறையீடுகளின் வலிமை அதனால் கூடியது. ஆனால் அழிந்துபோன தாளை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.

வாயில்களும் திறந்தும் மூடியும் வந்துள்ளன. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் செல்ல, பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டவினா இருக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு தனிமனிதரின் வலிப்பு நோயோ செவித்திறன் இழப்போ அவ்வரையறைக்குள் அரிதாகவே வரும். இந்நிலையில், தீர்ப்பாய முடிவுகளை உயர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாகாது என்ற வகையில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஸ்ரீகாந்த் சர்மா தீர்ப்பு வந்தபோது, பெரும்பாலான வீரர்களுக்குத் தீர்ப்பாயமே முதலும் முடிவுமான மன்றமாகிவிட்டது. எட்டாண்டுகள் கழித்து, 2023 மார்ச்சின் பர்சோத்தம் தாஸ் தீர்ப்பில், அரசமைப்பின் 226ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கு வழங்கிய அதிகாரத்தை இவ்வாறு சுருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவ்விடைக்காலத்தில் தோற்றவர்களுக்கு அவ்வாயில் பூட்டியிருந்தது.

அரசின் தரப்பையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவை குடிமக்களிடையேயும் பெருகியுள்ள நோய்கள். ஒவ்வொன்றையும் படைப்பணியின் கணக்கில் எழுதினால், போரில் உறுப்பிழந்தவருக்கும் வசதியான பணியிடத்தில் உடல் பருத்தவருக்கும் வேறுபாடு மறைந்துவிடும் என்பது அவ்வாதம். முழுப் பணிக்காலத்தையும் முடித்து உயர்பதவியில் ஓய்வு பெறுவோர் சிலர் இயலாமைக் கூற்றை வரிவிலக்கோடு கூடிய கூடுதல் வருவாயாக நோக்குகின்றனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 2019 ஜூனில் வருமானவரித் துறை வரிவிலக்கை இடையில் விடுவிக்கப்பட்டோருக்கு மட்டும் வரையறுத்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் வந்த புதிய தகுதி விதிகள், பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுவோருக்கு இயலாமைக் கூறு என்ற பெயரையே நீக்கி ‘குறைபாட்டு நிவாரணம்’ என்று வழங்கின. சொல் மாறும்போது நிலையும் மாறுகிறது. ‘ஓய்வூதியம்’ என்பது நகாரா தீர்ப்புக்குப் பின் உரிமையின் பெயர். ‘நிவாரணம்’ என்பதோ புயலுக்கும் வெள்ளத்துக்கும் பின் அரசு அளிக்கும் உதவியின் பெயர்.

தவறான கோரிக்கைகள் இருக்கலாம் என்பதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. அவற்றைத் தடுக்கும் வழி எது என்பதே கேள்வி. ஒரு நோய் பணியால் வரவில்லை என்று காரணத்தோடு எழுதும் மருத்துவர் தவறான கோரிக்கையைத் தடுக்கிறார். காரணமின்றி எழுதுபவர் தவறானதையும் சரியானதையும் ஒருங்கே தடுக்கிறார். அவற்றுள் சரியானதை மீட்பதற்கான செலவு முழுவதையும் நோயாளியிடம் விட்டுவிடுகிறார். பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் 2015இல் அமைத்த வல்லுநர் குழு, தன் துறையினரோடு அமைச்சகம் நடத்தும் தேவையற்ற வழக்குகளைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தது. இயலாமை ஓய்வூதிய வழக்குகள் அக்குழுவின் கவனத்தில் முக்கிய இடம் பெற்றன. வென்ற வீரரை மீண்டும் உச்ச நீதிமன்றம் வரை இழுக்கும் வழக்கத்தின்மீது அமைச்சகத்துக்குள்ளேயே மனநிறைவின்மை இருந்தது என்பதற்கு அக்குழுவின் தோற்றமே சான்று.

அண்மைத் தீர்ப்புகள் இவ்வேறுபாட்டையே பற்றி நிற்கின்றன. 2008ஆம் ஆண்டு விதிகளில் பழைய அனுமானம் இல்லாவிடினும், நோய் அமைதிப் பகுதியில் தோன்றியது என்பது மட்டும் மறுப்புக்குப் போதிய காரணமாகாது, வாரியம் உரிய காரணம் காட்டியாக வேண்டும் என்ற நிலைப்பாட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025இல் எடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், சியாச்சினில் பணியாற்றியபின் வலிப்பு நோயால் 1989இல் விடுவிக்கப்பட்ட ஒரு வீரரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. விடுவிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். நான்காண்டுகூட நிறையாத பணிக்காலத்திற்காக ஒரு மனிதர் தம் இளமையும் நடுவயதும் கடந்து காத்திருந்தார்.

இத்தகைய காத்திருப்புகளைத் தீர்ப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெறுவோர் மேல்முறையீடு செய்தவர்கள். ஆங்கிலத்தில் எழுதிய மறுப்புக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வயலுக்கோ காவலாளி வேலைக்கோ சென்றவர்களின் வழக்குகள் எங்கும் அச்சாவதில்லை. அவர்களில் பலர் அறியாதது ஒன்றுதான்: அக்கடிதம் முடிவன்று, அதற்குக் காரணம் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பது. மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும், சட்டம் பயிலும் மாணவர்களும், மொழிபெயர்ப்பில் ஈடுபாடுள்ளோரும் அக்கடிதங்களை வீரர்களின் தாய்மொழியில் படித்துக் காட்ட முடியும். வாரிய நடவடிக்கைகளின் படியைக் கேட்டு ஒரு விண்ணப்பம், முதல் மேல்முறையீட்டுக்கு ஒரு தாள்: தொடக்கத்திற்கு அவ்வளவு போதும்.

கம்பெனிக் காலச் சிப்பாய்க்கு ‘ஏன்?’ என்று கேட்கும் இடம் இருந்ததில்லை. அவ்விடம் இன்று இருக்கிறது. அதை உண்டாக்க நூறாண்டுக்கும் மேலாயிற்று. சேரும் நாளில் வீரரின் மார்பை அளந்து, கண்ணைச் சோதித்து, நலமானவர் என்று சான்றளிப்பது அரசு. பணிக்காலம் முழுவதும் அவர் எங்கே உறங்க வேண்டும், எந்த உயரத்தில் மூச்சுவிட வேண்டும் என்று முடிவு செய்வதும் அரசு. அவ்வுடல் கெட்டபின் அதன் கதையைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு 1982ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே விடை எழுதின. பின்வந்த விதிகள் அவ்விடையை மங்கச் செய்துள்ளன. ஒவ்வொரு மேல்முறையீடும் அதை மீண்டும் தெளிவாகப் படித்துக் காட்டும் முயற்சியே.